ஊற்றைத் தாண்டி ஏழு குழி

என் கொழுந்தன் பழனிக்குமார் ஒரு கட்டு மல்லித்தழையைக்கூட யாருக்கும் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் ஐப்பசி மாதம் ஒரு காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு, "மதினி, வேலிக்குக் கம்பு பூராவும் நான் போட்டுத் தாரேன். குழியும் நானே எடுத்துர்றேன். நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? காபி ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. இவன் எங்கேயோ கைவைக்கப் பார்க்கிறான் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வேலுச்சாமிக்கு இதெல்லாம் தோன்றாது. "நல்லதாப் போச்சுடா குமாரு" என்று தம்பி தோளைத் தட்டினார். யாராவது வந்து இந்த மலையைப் பேர்த்துத் தருகிறேன் என்று சொன்னாலும், கயிறு நான் கொண்டுவரட்டுமா என்றுதான் அவர் கேட்பார். குடும்பத்துக்கும் சேர்த்துச் சந்தேகப்படுகிற வேலை கல்யாணமான நாளிலிருந்து என் தலையில்தான்.

எங்கள் மலைக்கிராமமான பூண்டியில் எங்கள் தோட்டமும் அவன் தோட்டமும் அடுத்தடுத்து. என் மாமனார் இருக்கும்போதே இரண்டு மகன்களுக்கும் பிரித்து எழுதிக்கொடுத்துவிட்டார். கிழக்கு எங்களுக்கு, மேற்கு அவனுக்கு, இடையில் இருக்கிற வேலிதான் எல்லை என்று பத்திரத்தில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், அவன் இடத்தில் பத்தடி தள்ளி, ஓர் ஊற்று. அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அண்ணன் தம்பிக்குள் தண்ணீரையுமா எழுதிவைப்பார்கள் என்று மாமனார் விட்டுவிட்டார். இருபது வருஷமாக ஒரு நாள் எங்கள் ஹோஸ், ஒரு நாள் அவர்கள் ஹோஸ் என்று முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தோம். தை பிறந்தால் மழை நின்றுவிடும். பூண்டு திரளுகிற நேரமும் அதுதான். அப்போது ஊற்றுத் தண்ணீர் இல்லையென்றால் பூண்டு மொச்சைக்கொட்டை அளவோடு நின்றுவிடும். எங்கள் வீட்டு வருஷச் சோறு அந்தப் பூண்டில்தான் இருக்கிறது.

வேலி மாமனார் போட்டது. கம்பி துருவேறி, கம்பெல்லாம் மண்மட்டத்தில் இற்றுப்போய், படர்ந்த கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுவும் பல வருஷமாக நின்றுதான் இருந்தது. அந்த வருஷம் பார்த்துக் குமார் தன் தோட்டத்தில் ஒன்றும் போடவில்லை. களை இடுப்புயரம் வளர்ந்து, காட்டுமாடு பகலிலேயே வந்து படுக்க ஆரம்பித்தது. படுத்து எழுந்தால் பசிக்காதா? நேராக வேலியைச் சாய்த்துக்கொண்டு எங்கள் பக்கம். காரட்டைத் தின்றதுகூடப் போகட்டும், புதுசாக முளைத்த பூண்டுப் பாத்தி மூன்றை மிதித்துச் சேறாக்கிவிட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாவணி போட்ட காலத்து வேகத்தோடு அவன் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏலே குமாரு, ஒன் தோட்டத்த காட்டுமாட்டுக்கு லாட்ஜா விட்டிருக்கியா? வாடகையாச்சும் ஒழுங்கா வருதா?"

அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். "ஒடம்பு ஒத்துழைக்கல மதினி. மண்வெட்டியத் தூக்குனா மூச்சு வாங்குது" என்றான்.

"சோம்பேறித்தனத்துக்கு இப்ப மூச்சு வாங்குதுன்னு பேரா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் அரை டவுசர் போட்ட பையன். அந்த உரிமையில் என்ன வேண்டுமானாலும் பேசுவேன்.

வேலியை மாற்றாமல் முடியாது என்றானபின் என்ன செலவாகும் என்று விசாரித்தோம். கொடைக்கானலிலிருந்து சோலார் வேலிக்காரன் ஒருவன் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு தொகை சொன்னான். என் வீட்டுக்காரர் அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார். அப்புறம் எங்களுக்குத் தெரிந்த வேலியையே போடுவது என்று ஆனது. வாட்டில் மரத்துக் கம்பு. அடிப்பக்கத்தைத் தீயில் கறுக்க வாட்டி, ஜீப் ஒர்க்ஷாப்பில் கேட்டு வாங்கிய கழிவு ஆயிலைப் பூசி நட்டால் சீக்கிரம் இற்றுப்போகாது. பழைய கம்பியில் நல்ல துண்டுகளைப் பொறுக்கி முறுக்கி இரண்டு வரி. இடையில் பழைய சேலை. காற்றில் சேலை ஆடுகிறதைப் பார்த்தால் ஆள் நடமாட்டம் என்று காட்டுமாடு கொஞ்சம் ஒதுங்கும். சேலைக்குத்தான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அவன் வந்து கம்பு நான் தருகிறேன் என்றது.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் ஒரு வெள்ளைக் கார் வந்து அவன் தோட்டத்து ஓரம் நின்றது. தொப்பி போட்ட ஒருவர், கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் படம் எடுத்தார். கூட நடந்த குமார் குனிந்த தலை நிமிரவில்லை. கார் போனதும் அவன் பெண்டாட்டி ரோகிணியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன்.

"யாருடி அது?"

"பூண்டு யாவாரிக்கா. வடுகபட்டியில இருந்து வந்தாரு."

பதில் சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நிறைந்து வழிகிற குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பல் பூண்டு ஊன்றாத தோட்டத்தில் பூண்டு வியாபாரிக்கு என்ன சோலி? எனக்குக் காது குத்திப் பல வருஷம் ஆயிற்று, இவள் இப்போது குத்துகிறாள்.

என் பயம் சும்மா வந்ததில்லை. கீழ்த்தெரு செல்வமுருகனுக்கு நடந்தது ஊருக்கே தெரியும். அவன் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தேன் ஒழுகப் பேசி, "என் எடத்துல கொஞ்சம் உள்ள தள்ளியே வேலி போட்டுக்கப்பா, ஒனக்கும் வண்டி திருப்ப வசதி" என்றார். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டான். ஒரு வருஷம் கழித்து, என் நிலத்தை வளைத்துவிட்டான் என்று எழுதிக்கொடுத்துவிட்டார் அந்த மனிதர். தாலுகாக் கச்சேரி, பஞ்சாயத்து என்று அலைந்து கடைசியில் செல்வமுருகன் தன்னுடைய கீழ்ப்பாத்தியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து யார் சிரித்துப் பேசினாலும் நான் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன்.

நாலாம் நாள் வெள்ளனே மேற்குப் பக்கம் கடப்பாறைச் சத்தம் கேட்டது. காபியை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். பனி விலகாத நேரத்திலேயே குமார் ஏழு குழி எடுத்து முடித்திருந்தான். பழைய வேலியில் ஒரு குழிகூட இல்லை. ஏழும் வரிசையாக, அவன் இடத்துக்குள்ளே, ஊற்றையும் தாண்டி அந்தப் பக்கம். அந்த வரிசையில் வேலி நின்றால் ஊற்று எங்கள் தோட்டத்துக்குள் வந்துவிடும்.

அப்படியே செல்வமுருகன் கதை.

"இதென்னலே? வேலி அங்கன கெடக்கு, குழி இங்கன கெடக்கு?"

"அங்க பாறை மதினி. கடப்பாறை எறங்க மாட்டேங்குது."

நான் காபிச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் கையிலிருந்த கடப்பாறையைப் பிடுங்கிக்கொண்டு பழைய வேலியடிக்குப் போனேன். ஓங்கி ஒரு குத்து. ஒரு முழம் இறங்கியது. இன்னோர் இடத்தில் குத்தினேன். அங்கேயும் இறங்கியது.

"எங்க பாறை? காட்டு."

அவனுக்கு மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஊத்து ஒங்க பக்கம் இருந்துட்டுப் போகட்டுமே மதினி. நீங்கதான வெள்ளாமை பண்றீங்க. ஒங்களுக்குத்தான தண்ணி வேணும்" என்றான்.

"எங்க பக்கம் வந்தா ஒனக்கு என்ன லாபம்?"

"எனக்கு ஒரு லாபமும் இல்ல."

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறுதியாயிற்று. லாபம் இல்லாமல் பத்தடி நிலத்தையும் ஊற்றையும் தூக்கிக் கொடுக்கிற மகராசனை இந்தப் பூண்டியில் நான் கண்டதே இல்லை. என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அவனாத்தான குடுக்குறான், வாங்கிக்குவமே புள்ள" என்று முணுமுணுத்தார்.

"வாங்குறதுக்கு முந்தி ஏன் குடுக்குறான்னு கேளுங்க."

"ஏன்டா குடுக்குற?" என்று கேட்டார். பாவம், நான் சொன்னதால் கேட்டார்.

குமார் அண்ணனைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயைத் திறந்தான். மேட்டிலிருந்து ரோகிணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு, "சும்மாதான்ணே" என்றான்.

"சும்மாவா? நாளைக்கு எங்க மதினி என் எடத்த வளைச்சுட்டான்னு நீ போயி எழுதிக்குடுக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? அந்த வெள்ளைக் காரு எதுக்கு வந்துச்சு? என் தலையிலயா மொளகா அரைக்கப் பாக்குற?"

"மதினி, அப்படியா நெனைச்சீங்க?" என்றான். அவன் முகம் அடி வாங்கிய பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. நல்ல நடிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

விடுவேனா? பழைய வேலிக்கடியில் மாமனார் ஊன்றிய இரண்டு கல் இருந்தது. புல்லைச் செதுக்கி இரண்டு எல்லைக்கல்லையும் வெளியே தெரியவைத்தேன். கல்லுக்குக் கல் கயிறு கட்டச் சொன்னேன். அன்று மத்தியானமே எங்கள் வீட்டில் நாலு பேரையும் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரரை எழுதவைத்தேன். இரண்டு கல்லுக்கும் நேராக நிற்கிற வேலியே எல்லை. வேலிக்கு மேற்கே இருக்கும் மண், மரம், தண்ணீர் எதிலும் வேலுச்சாமி வகையறாவுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. கிழக்கே இருக்கும் எதிலும் பழனிக்குமார் வகையறாவுக்குப் பாத்தியம் இல்லை. நாளைக்கு யாரும் யாரையும் வளைத்துவிட்டான் என்று சொல்ல முடியாதபடி கச்சிதமாகக் கட்டிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

குமார் வாசித்தான். மறுபடி வாசித்தான். "மதினி, அந்தத் தண்ணிங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துருவமா?"

"ஏன், எங்கயோ உறுத்துதோ?"

"நாளைக்கு ஒங்களுக்கு ஒரு தேவைன்னா..."

"தண்ணி எங்கலே போகப்போகுது? இருபது வருசமா அங்கனதான கெடக்கு. நீ கையெழுத்தப் போடு."

"நல்லா யோசிச்சுக்கங்க மதினி."

"யோசிச்சாச்சு."

போட்டான். ரோகிணியும் போட்டாள், நாங்களும் போட்டோம். இன்னொரு தாளிலும் அதையே எழுதி, வீட்டுக்கொன்றாக மடித்துவைத்துக்கொண்டோம்.

சொன்ன சொல்லை மாற்றாமல் அவன்தான் கம்பு கொண்டுவந்தான். கயிறு நேருக்குப் புதிதாகக் குழியும் அவனே எடுத்தான். ஒரு குழிக்கு இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நான் மூன்று நாளும் அங்கேயே நின்று, கயிறு ஒரு விரற்கடை நகர்கிறதா என்று பார்த்தேன். ரோகிணி ஒரு மூட்டை சேலை கொண்டுவந்து போட்டாள். பாதிக்கு மேல் நல்ல சேலை, கிழிசல் இல்லாதது. போன தீபாவளிக்கு எடுத்த ஊதாச் சேலையும் அதில் கிடந்தது. அதற்கும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கிருந்தோ புதுப்பணம் வந்திருக்கிறது, அதுதான் பீரோவைக் காலிபண்ணுகிறாள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"அந்த ஏழு குழிய மூடிரு" என்றேன் கடைசி நாள்.

"மூடிர்றேன் மதினி" என்றான். மூடவில்லை.

வேலி நன்றாகத்தான் அமைந்தது. சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சேலைகள் காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். காட்டுமாடு மேட்டில் நின்று பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பிவிடும். பூண்டு கருகருவென்று வந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம், வீட்டுக்கு ஓர் ஏமாளி இருந்தால் ஓர் ஏமாறாதவளும் வேண்டும் என்று சொல்லிச் சிரித்தேன்.

மார்கழிக் கடைசியில் குமார் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் அதில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன்.

"எங்கலே கெளம்புற?"

"வத்தலக்குண்டுக்கு மதினி. குளிரு ஆகாது, இனி மலையில இருந்தா நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு. தோட்டத்த வித்துட்டேன். நேத்துப் பத்திரம் முடிஞ்சுருச்சு."

என் காதில் விற்றுவிட்டேன் என்பது மட்டும்தான் விழுந்தது. "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விப்பியாலே நீ?"

"அண்ணங்கிட்ட ஏது மதினி அவ்வளவு காசு? பத்திரம் முடியிறவரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு வாங்குன அந்த வெள்ளைக் காருக்காரரு சொல்லிட்டாரு. சொல்லியிருந்தா நீங்க விக்க விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்தான். தோட்டத்தின் நடுவில் பாய் விரித்துப் படுத்திருப்பேன். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற புத்தி அப்போது எனக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கூடப்பிறந்தவனை ஏமாற்றியவன் என்றேன். என் வீட்டுக்காரர் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜீப்பில் ஏறியபிறகு குமார் தலையை வெளியே நீட்டி, "மதினி, அந்தக் குழி..." என்று ஆரம்பித்தான்.

"மூடத் துப்பில்லாதவன் பேசாதே, போ" என்றேன். போய்விட்டான்.

தை பிறந்தது. மழை நின்றது. முறைப்படி தண்ணீர் பாய்ச்ச ஹோஸை எடுக்கப் போனால், அது ஊற்றிலிருந்து பிடுங்கப்பட்டு, அழகாகச் சுருட்டி எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வைக்கப்பட்டிருந்தது. ஊற்றைச் சுற்றி நாலு கம்பம் ஊன்றி வலை அடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற, பையன்போல இருந்த மேனேஜர், பெயர் ஜெயபிரகாஷ், கொடைக்கானல்காரன், என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"சாரிக்கா. இனிமே இங்க இருந்து வாட்டர் எடுக்க முடியாது. காட்டேஜ் வருது. ஓனருக்கு இந்த ஸ்பிரிங்தான் மெயினே."

"இது எங்க குடும்பத்து ஊத்து தம்பி. இருபது வருசமா எடுக்குறோம். எங்களுக்கும் பாத்தியம் இருக்கு. நான் விட மாட்டேன், வக்கீல் வச்சுப் பேசுவேன்."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ஒரு ஃபைலைத் திறந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினான். "பழனிக்குமார் சார் வீட்டு டாகுமெண்ட் எல்லாத்தையும் வாங்கினப்ப இதுவும் வந்துச்சுக்கா. நீங்களே எழுதிக்கொடுத்திருக்கீங்களே."

என் வீட்டுக்காரர் கையெழுத்து. நான் சொன்ன வார்த்தைகள். மண், மரம், தண்ணீர் எதிலும். கீழே கொட்டைகொட்டையாக அன்னக்கொடி என்று என் கையெழுத்து.

தாளை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் என் நிலையைப் பார்த்துப் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்க்கா. அந்தப் பக்கம் வரிசையா ஏழு குழி இருக்கே, எதுக்கு?" என்று கேட்டான்.

"வேலிக்கு. என் கொழுந்தன் எடுத்தது."

அவன் குழிகளைப் பார்த்தான், ஊற்றைப் பார்த்தான், எங்கள் சேலை வேலியைப் பார்த்தான். "அங்க போடலையா? நல்லதாப் போச்சு. நாங்க இந்த வேலியில இருந்து அந்த வேலி வரைக்கும்தான் அளந்தோம். அந்தக் குழியில வேலி நின்னிருந்தா ஸ்பிரிங் ஒங்களுக்குல்ல போயிருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையாட்களிடம் திரும்பினான்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பனி விலகாத காலையில், மண்வெட்டி தூக்க முடியாதவன், மூச்சுக்கு இழுத்துக்கொண்டு தோண்டிய ஏழு குழி. அளக்க ஆள் வருவதற்குள் வேலியை முடித்துவிட வேண்டுமென்று தோண்டியிருக்கிறான். வாயைத் திறந்து சொல்ல முடியாததைக் கடப்பாறையால் சொல்லியிருக்கிறான். அவனைத்தான் நான் கள்ளன் என்று கயிறு கட்டி அளந்தேன். வயிற்றில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. வேலையாட்கள் பார்க்கிறார்களே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பின்னால் பூண்டுப் பாத்தி ஓரம் காய ஆரம்பித்திருந்தது. தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினால் இரண்டு பாத்தி பிழைக்கும். மிச்சம் போய்விடும். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஃபோனை எடுத்துக் குமாரைக் கூப்பிட்டேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது, கேட்டுப் பழக்கமில்லை. ஏதாவது திட்டியாவது ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன்.

அவன்தான் முந்திக்கொண்டான். மூச்சு முன்னைவிடச் சீராக இருந்தது. "மதினி, தண்ணி விடுறாங்களா?" என்று கேட்டான்.

வலைக்குள்ளே ஊற்று எப்போதும்போல ஊறிக்கொண்டிருந்தது. ரோகிணியின் ஊதாச் சேலை என் தோளில் வந்து வந்து மோதியது.

"விடுறாங்கலே" என்றேன். "நீ ஒடம்பப் பாத்துக்க."